எதிர்பார்த்திருக்கும் முடிவு

அன்புள்ள அண்ணன்,

ஸ்தோத்திரம். ஏரலில் சின்னதாக ஒரு ஆஃப்செட் பிரஸ் வைத்திருந்தேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எல்லாம் போய்விட்டது. காலண்டர் சீசன் வேறு. எட்டுச் சபைகளின் ஆர்டரை அச்சடித்து, தகரம் அடிக்க அடுக்கி வைத்திருந்தேன். தண்ணீர் வடிந்த பிறகு ஷட்டரைத் தூக்கினால், பேப்பர் மொத்தமும் ஒரே கட்டியாகக் கிடந்தது. மேல் ஷீட்டில் எரேமியா 29:11 வேத வசனம் மட்டும் சேறு படாமல் தெரிந்தது. மெஷினுக்குள் மணல். இன்சூரன்ஸில் தீ விபத்து உண்டாம், வெள்ளம் கிடையாதாம். கடன் மட்டும் நனையவில்லை. இப்போது தூத்துக்குடியில் இன்னொருவர் பிரஸ்ஸில் சம்பளத்துக்கு மெஷின் ஓட்டுகிறேன். வயது 43.

சபையில் ஒருவர் "மறைவான பாவம் ஏதாவது இருக்கும்" என்றார். இன்னொருவர், வேதத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவுக்குக் கிடைத்த மாதிரி இரட்டிப்பாக வரும் என்றார். வரவில்லை. போன வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் எடுக்கிற வாக்குத்தத்த அட்டைத் தட்டு என்னிடம் வந்தபோது எடுக்கக் கை வரவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்திவிட்டேன். இது அவிசுவாசமா? கர்த்தரை நம்புவது என்றால் இனி எதை நம்புவது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த இரண்டு பேரையும் வழியனுப்பிவிடுவோம். அன்றைக்குக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. அவ்வளவு மழைக்கு எவ்வளவு பாவம் என்று முதலாமவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். யோபுவிடம் இதே பேச்சைப் பேசிய நண்பர்களைக் கடைசி அதிகாரத்தில் கர்த்தரே கண்டிக்கிறார். இரண்டாமவர் அந்த அதிகாரத்தைப் பாதிதான் படித்திருக்கிறார். 7,000 ஆடு 14,000 ஆனது சரி. பிள்ளைகள் முன்பும் பத்து, பின்பும் பத்து. இறந்துபோன பத்துப் பேரில் ஒருவரும் திரும்பி வரவில்லை. அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடந்த சாப்பாட்டு வேளைகளை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

இனி அந்த மேல் ஷீட். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் அது தொடங்குகிறது. எபிரெயத்தில் 'முடிவும் நம்பிக்கையும்' என்று இரண்டு சொற்கள். தமிழில் அவை ஒன்றாகி 'எதிர்பார்த்திருக்கும் முடிவு' ஆனதும், நாம் என்னென்ன எதிர்பார்க்கிறோமோ அதையெல்லாம் அதற்குள் போட்டுக்கொண்டோம். மகனுக்கு வேலை, மகளுக்குக் கல்யாணம், இரண்டாவது மெஷின். நானும் போட்டவன்தான்.

அது எரேமியா தீர்க்கதரிசி யாருக்கு எழுதின கடிதம் என்று பாருங்கள். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு எழுதினது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர் வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொல்லி, பாபிலோனுக்கு அடிமைப்படுவதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறார். இன்றைக்கு இருந்தால் அவருடைய கன்வென்ஷனுக்குத்தான் கூட்டம் சேரும். எரேமியா சொன்னதோ எழுபது வருஷம். உங்கள் வயதுக்காரன் ஒருவன் பாபிலோனில் அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்டிருந்தால் விரல் விட்டு எண்ணியிருப்பான்: நான் ஊர் திரும்பப் போவதில்லை. பதினோராம் வசனம் அவனுக்கும் சேர்த்து எழுதப்பட்டதுதான். அதற்கு முன்னால் ஐந்தாம் வசனம் இருக்கிறது: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள். அதை எந்தக் காலண்டரிலும் நான் பார்த்ததில்லை. நீங்கள் அச்சடித்திருக்கிறீர்களா?

எதை நம்புவது என்று கேட்டீர்கள். பிரஸ் திரும்ப வரும் என்பதை அல்ல, தம்பி. வரலாம், வராமலும் போகலாம். தூத்துக்குடியில் இன்னொருவர் மெஷினுக்கு மை போட்டுக்கொண்டு நிற்கிற உங்களையும் கர்த்தர் மறக்கவில்லை என்பதை. இதைச் சொல்வது எனக்கும் எளிதாக இல்லை.

நீங்கள் அச்சுத் தொழில் என்பதால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1812 மார்ச் 11 சாயங்காலம் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் செராம்பூர் மிஷன் அச்சுக்கூடம் தீப்பிடித்தது. அதை நடத்திய மிஷனரிகளில் ஒருவரான வில்லியம் கேரி அப்போது கல்கத்தாவில் இருந்தார். பேப்பரும் எழுத்துகளும் கையெழுத்துப் பிரதிகளும் போயின. பிரசங்கத்தில் இதைக் கேட்டிருப்பீர்கள்: சாம்பலைக் கிளறியபோது எழுத்து வெட்டும் எஃகு அச்சுகள் கெடாமல் கிடைத்தன, உருகிக் கிடந்த ஈயத்திலேயே மறுபடி எழுத்து வார்த்தார்கள், இங்கிலாந்திலிருந்து பணம் வந்து சேர்ந்தது. இந்த இடத்தில் பிரசங்கியார் அல்லேலூயா சொல்லிவிடுவார். கேரி வருஷக்கணக்காகத் தொகுத்த பன்மொழி அகராதி அந்தத் தீயில் எரிந்தது. அதை அவர் மறுபடி எழுதவே இல்லை. மற்ற வேலைகளைத் தொடர்ந்தார். அதற்கடுத்த ஞாயிறு அவர் பிரசங்கத்துக்கு எடுத்த வசனம் சங்கீதம் 46:10. "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்." எரிந்த அகராதி திரும்ப வரும் என்று அந்த வசனத்தில் இல்லை.

அவிசுவாசமா என்ற கேள்விக்கு எங்கள் வீட்டுக் கதைதான் பதில். என் தம்பி விபத்தில் போனபோது அவனுக்கு 22 வயது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சபை மூப்பர் ஒருவர் வந்து, நல்ல பூக்களைத்தான் கர்த்தர் சீக்கிரம் பறிப்பார் என்றார். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தாள். அவர் தெருத் திரும்பியதும் டம்ளரைக் கழுவாமல் அப்படியே குப்பையில் போட்டாள். எவர்சில்வர் டம்ளர்! நான்தான் பிறகு எடுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் ஆராதனையில் அவள் வாய் திறந்து ஒரு பாட்டுப் பாடவில்லை. சங்கீதம் 88 உண்டல்லவா, ஒரு ஆறுதலும் இல்லாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம், அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆனால் ஒரு ஞாயிறும் போகாமல் இருந்ததில்லை. வழக்கமான மூன்றாவது பெஞ்சு, சுவர் ஓரம்.

அட்டை எடுக்காவிட்டால் போகட்டும். தட்டு வந்தால் இந்த வருஷமும் நகர்த்திவிடுங்கள். ஆனால் அந்த ராத்திரி போய் உட்காருங்கள். ஏன் பாடவில்லை என்று யாராவது கேட்டால் தொண்டை சரியில்லை என்று சொல்லுங்கள். எங்கள் அம்மா எட்டு மாதமும் அதைத்தான் சொன்னாள்.

அன்புடன்,
அண்ணன்