பழைய ட்ரங்குப் பெட்டியைக் குறைந்த செலவில் புதுப்பிப்பது எப்படி?

பழைய தகர ட்ரங்குப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன், அங்கங்கே துரு, மூடியும் சரியாக உட்காரவில்லை, அதிகச் செலவில்லாமல் துணிமணி வைக்கிற நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். பழைய பெட்டிகளைச் சரிபார்த்துப் பயன்படுத்துவதில் எனக்கு ரொம்ப நாளாகவே ஆசை உண்டு. கையில் இருக்கிற காசு துருவை நிறுத்துவதற்குப் போகட்டும், அலங்காரம் அப்புறம் என்பதுதான் என் கட்சி.

முதலில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அடியைப் பாருங்கள். தகரப் பெட்டி பெரும்பாலும் அடியிலிருந்துதான் போகும். தரையோடு தரையாகக் கிடக்கும்போது கீழே ஈரம் தங்கும், காற்று புகாது. ஸ்க்ரூடிரைவர் முனையால் துருப்பிடித்த இடங்களையும் தகடு மடிந்திருக்கிற ஓரங்களையும் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி நின்றால் மேல்துருதான், பயமில்லை. பொலபொலவென்று உதிர்ந்தால் அங்கே தகடே அரித்துப் போயிருக்கிறது. அப்புறம் இருட்டில் ஒரு டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். மூடி விளிம்பில் கசிவதை விட்டுவிடுங்கள், மற்ற இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். சின்ன ஓட்டைகளுக்கு எபாக்சி பட்டி, அதாவது பிசைந்து அடைத்தால் இறுகிக்கொள்ளும் பசை, போதும். அடித்தகடு மொத்தமும் உதிர்ந்தால் வெல்டிங் பட்டறைக்குப் போய் வேறு தகடு போட வேண்டிவரும். அந்தச் செலவைக் கேட்டுவிட்டு மேலே போவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்து, அது என்ன தகடு? பெயிண்ட் இல்லாத இடத்தில் சாம்பல் நிறத்தில், பூப்பூவாகப் படிகம் படர்ந்த மாதிரி தெரிந்தால் அது துத்தநாகம் பூசிய தகடு. இதற்குச் சாதாரண எனாமல் பெயிண்டை நேராக அடிக்காதீர்கள். எனாமலில் இருக்கும் எண்ணெய்ப் பிசின் துத்தநாகத்தோடு வினைபுரிந்து அடியில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும், கொஞ்ச காலத்தில் பெயிண்ட் தோல் தோலாக உரியும். வினிகரும் ஆகாது, துத்தநாகத்தையே கரைத்துவிடும். வெள்ளையாகப் பூத்திருப்பதை நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, பெயிண்டே அடிக்காமல் விடுங்கள். பெட்டியும் நன்றாக இருக்கும், காசும் மிச்சம்.

சாதாரண இரும்புத் தகடு என்றால் வேலை கொஞ்சம் அதிகம். ஒரு எச்சரிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். ரொம்பப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பவே கூடாது. தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளில் தேயுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள், வழிகிற சேற்றைத் துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

துருவுக்கு வெள்ளை வினிகர் போதும். பழைய துணியை அதில் நனைத்துத் துருவின் மேல் ஒட்டிப் போட்டு, காயாமல் இருக்கப் பாலித்தீன் தாளால் மூடி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் துரு இளகிக் கறுப்புச் சேறாக வரும், கம்பி பிரஷால் தேய்த்தால் போய்விடும். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து வெயிலில் வையுங்கள். இங்கே தாமதமே கூடாது. வெறும் இரும்பு கொஞ்ச நேரத்திலேயே மறுபடி செம்மஞ்சளாகப் பூக்க ஆரம்பிக்கும். நன்றாகக் காய்ந்த கையோடு ரெட் ஆக்சைடு பிரைமர், அதாவது துருவைத் தடுக்கிற அடிப்பூச்சு, அடித்துவிடுங்கள்.

பெட்டி முழுக்கப் பெயிண்டைச் சுரண்டி எடுக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கெட்டியாக நிற்கிற பழைய பெயிண்ட் நல்ல காப்பு, அதை எதற்கு எடுக்க வேண்டும்? துரு எடுத்த இடத்தின் ஓரத்தை மட்டும், பிரைமர் அடிப்பதற்கு முன்னாலேயே, 220 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டே சரித்துவிடுங்கள். விரலால் தடவினால் படி தட்டக்கூடாது, அதுதான் கணக்கு. பிரைமர் காய்ந்ததும் மெல்லிசாக இரண்டு கோட் எனாமல். தடிமனாக ஒரே கோட் அடித்தால் வழியும், உள்ளே காயாது. வேறு வேலைக்கு வாங்கி மீந்த டப்பா இருந்தால் அதுவே போதும்.

மூடி உட்காராததற்குக் காரணம் அநேகமாகக் கீலில் தளர்ந்த ரிவிட்டாகவோ நசுங்கிய மூலையாகவோ இருக்கும். ரிவிட்டைத் துளைத்து எடுத்துவிட்டு, வாஷரோடு சின்ன போல்ட் போடுங்கள். போல்ட் தலை உள்பக்கம் வரட்டும். நட்டு உள்ளே இருந்தால் துணியைக் கிழிக்கும். ஒடுக்கு எடுக்க வெளிப்பக்கம் ஒரு மரக்கட்டையை அணைவாகப் பிடித்து, உள்ளே இருந்து மரச்சுத்தியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே வாருங்கள்.

உள்பக்கம் முழுக்கப் பெயிண்ட் வேண்டாம். துரு எடுத்த இடங்களில் மட்டும் பிரைமரும் எனாமலும் அடித்து, வாடை அடியோடு போகிறவரை மூடியைத் திறந்தே வையுங்கள், சில வாரம்கூட ஆகலாம். பிறகு துவைத்த பழைய பருத்தித் துணியை விரித்தாலே போதும். மாவுப் பசை தடவிக் காகிதம் ஒட்டினால் ராமபாணப் பூச்சி தேடி வரும்.

கடைசியாக, பெட்டியை இரண்டு மரச்சட்டத்தின் மேல் வையுங்கள், அடியில் காற்று ஓடட்டும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், மூடி தானாக விழாதபடி பக்கத்துக்கு ஒரு தாங்கி போட்டு, தானாக மாட்டிக்கொள்ளும் கொண்டியைக் கழற்றிவிடுங்கள். உள்ளே ஏறி ஒளிந்த குழந்தையால் அந்தக் கொண்டியை உள்ளிருந்து திறக்க முடியாது.