குடியை விட்டவருக்கு அமுக்கரா கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவர் (43) குடியை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை டாக்டர் கொடுத்திருக்கிறார். ராத்திரி தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். அமுக்கராவும் 'குடியை மறக்கடிக்கும்' பவுடரும் சேர்த்து ஒருவர் 4,800 ரூபாய் கேட்கிறார். சாப்பாட்டில் தெரியாமல் கலந்துவிடலாமாம். வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. அதிலும் அந்தப் பவுடரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவர் சொல்லமாட்டார். டைசல்ஃபிராமையே பொடித்துப் போட்டிருந்தால்? உங்கள் கணவருக்கு இரட்டை டோஸ். தெரியாமல் சாப்பிட்டவர் ஒருநாள் தடுமாறிக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, மோசடிச் சரக்கல்ல. மன அழுத்தம், தூக்கம் பற்றிய சிறிய ஆய்வுகள் சாதகமாகவே இருக்கின்றன. 2012இல் ஹைதராபாத்தில் 64 பேரை வைத்துச் செய்தது ஒன்று: வேர்ச்சாறு 300 மி.கி., தினம் இருவேளை, 60 நாள். எடுத்தவர்களுக்கு அழுத்தம் குறைந்தது. ஆனால் அது குடியை விட்டவர்களைத் தேடிப்பிடித்துச் செய்த ஆய்வு அல்ல. குடி ஆசையைக் குறைக்கிறது என்பதற்குக் காட்டப்படும் சான்றெல்லாம் பெரும்பாலும் எலிகளிடமிருந்து வந்தது. எலிக்குச் சம்பள நாளும் கிடையாது, கூப்பிட நண்பர்களும் கிடையாது.

தூக்கத்துக்காக மட்டும் என்றாலும் முதலில் ஈரல் பரிசோதனை பாருங்கள். அஸ்வகந்தா எடுத்தவர்களில் ஐந்து பேருக்கு ஈரல் பாதிப்பு வந்ததாக ஐஸ்லாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் 2020இல் பதிவாகியிருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் வருடக்கணக்கில் குடித்த ஈரலை வைத்துச் சூதாட முடியாது.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. சூரணம் வேறு, அரிஷ்டம் வேறு. அஸ்வகந்தாரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது. அதில் தானாக ஊறும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கலாம். பீருக்குக் குறைவில்லை. டைசல்ஃபிராம் எடுப்பவர் அதைக் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் ஆகும்வரை இந்த ஆபத்து உண்டு. ஆசவம் என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான். சில இருமல் டானிக்குகளும் அப்படியே. லேபிளைப் படியுங்கள்.

தூக்கமின்மை இந்தக் கட்டத்தில் சகஜம், வாரக்கணக்கில் நீடிக்கும். மாத்திரை கொடுத்த டாக்டரிடமே சொல்லுங்கள். அவரைப் பார்ப்பது சுலபமில்லை என்பதும் தெரியும். மதுக்கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிவரை காத்திருக்கிறது. குடிநோய் சிகிச்சைக்கோ காலையிலேயே ஓபி சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் பவுடர்காரர் பிழைக்கிறார். போக முடியாத நாளில் போதை மீட்பு உதவி எண் 14446க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை.