"நல்லா இல்லை"ன்னு சொல்லி விலைய குறைக்கிறது பொய்யா?

கேள்வி: அக்கா, எங்க தெருவுல ஒரு கீரைக்காரப் பாட்டி வருவாங்க. கீரை நல்லாதான் இருக்கும், ஆனா விலை குறையணும்னு "என்ன பாட்டி இப்டி வாடிக் கெடக்கு"ன்னு சொல்லித்தான் வாங்குவேன். நேத்து பக்கத்து வீட்ல "தளதளன்னு இருக்கு பாருங்க, எவ்ளோ கம்மியா முடிச்சேன்"னு காட்டிட்டு இருந்தப்ப என் பொண்ணு "பாட்டிகிட்ட வேற சொன்னியேம்மா"ன்னு கேட்டுட்டா. பைபிள்ல இது தப்புன்னு இருக்கா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: நீங்க சொன்னது அப்படியே இருக்கும்மா. நீதிமொழிகள் 20:14. "கொள்ளுகிறவன்: நல்லதல்ல, நல்லதல்ல என்பான், போய்விட்டபின்போ மெச்சிக்கொள்ளுவான்."

பாவம்னு அந்த வசனத்துல ஒரு வார்த்தை கூட கிடையாது, ஆனா அது எங்க உக்காந்திருக்குன்னு பாருங்க, அதே அதிகாரத்துல 10ஆம் வசனமும் 23ஆம் வசனமும் வெவ்வேறான நிறைகல், அதாவது எடைக்கல், கர்த்தருக்கு அருவருப்புன்னு சொல்லுது, அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் வாங்குறவங்க வாய் வருது.

அந்தக் காலத்து எருசலேம்ல நாணயம் புழக்கத்துக்கு வர்றதுக்கு முன்னாடி வெள்ளியவே நிறுத்துத்தான் குடுப்பாங்க, எரேமியா தீர்க்கதரிசி கூட ஆனதோத்துங்கிற ஊர்ல நிலம் வாங்குறப்ப 17 சேக்கல் வெள்ளிய தராசுல நிறுத்துக் குடுத்தாரு. ஒரு சேக்கல்னா சுமார் 11 கிராம். அடி தட்டையா மேல உருண்டையா இருக்குற சின்ன சுண்ணாம்புக்கல்லுதான் எடைக்கல், அத பையில போட்டு வச்சிருப்பாங்க, பையில பெருசு ஒண்ணு சிறுசு ஒண்ணு வச்சுக்காதேன்னு உபாகமம் 25:13 சொல்றது இதத்தான். வாங்க ஒரு கல்லு, விக்க ஒரு கல்லு.

எனக்கு மனசுல குத்துனது இதான், பாட்டிகிட்ட "வாடிக் கெடக்கு", பக்கத்து வீட்ல "தளதளன்னு இருக்கு", ஒரே கீரைக்கு நாமளும் ரெண்டு கல்லு வச்சிருக்கோம். விடியக்காலையில கட்டு கட்டி தண்ணி தெளிச்சு தலையில சுமந்துட்டு வர்றவங்களுக்கு அந்த "வாடிக் கெடக்கு" எவ்ளோ வலிக்கும்!

பேரம் பேசாதீங்கன்னு நான் சொல்லல. "பாட்டி, இன்னிக்கு கையில இவ்ளோதான் இருக்கு"ன்னு கேளுங்க, உண்மையிலேயே அவ்ளோதான் இருந்தா. பொண்ணுகிட்ட "நீ கேட்டது சரிதான்டா"ன்னு சொல்லிடுங்க, அடுத்த தடவ பாட்டி வர்றப்ப அவளையும் கூட்டிட்டு வாசலுக்குப் போங்க, போன வாரக் கீரை நல்லா இருந்துச்சுன்னு அவ முன்னாடியே பாட்டிகிட்ட சொல்லுங்க.