ஹூல்ஸன்பெக் பிள்ளைகள் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

ஜெர்மன் ஓவியர் பிலிப் ஒட்டோ ரூங்கேயின் 'ஹூல்ஸன்பெக் பிள்ளைகள்' ஓவியத்தைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். ரூங்கே அந்தப் பிள்ளைகளின் தகப்பனாரான வணிகர் ஹூல்ஸன்பெக்கின் தொழில் கூட்டாளி என்று ஓரிடத்தில் படித்தேன். ஓவியர் எப்படிக் கூட்டாளி ஆனார்? பெரிய வணிகர் வீடு என்றால் படத்தில் பணத்தின் அடையாளமே இல்லையே? படத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் குடும்பத்தின் வரலாற்றைத் தேட முடியுமா?

செ., கோவை

அன்புள்ள செ.,

கூட்டாளி ஓவியர் இல்லை, அவருடைய அண்ணன் டானியல். கடையின் பெயர் 'ஹூல்ஸன்பெக், ரூங்கே அண்ட் கோ' என்பதால் வரும் குழப்பம் இது. ஆனால் தம்பிக்கும் வியாபாரம் அன்னியமில்லை. அப்பா வோல்காஸ்ட் என்ற ஊரில் கப்பல் முதலாளி, தானிய வணிகர். 1795இல் பிலிப் ஒட்டோ ஹாம்பர்க் வந்ததே அண்ணனிடம் தொழில் பழகத்தான். கோபன்ஹேகனுக்கு ஓவியம் படிக்கப் போனதெல்லாம் பிறகு.

பணம் படத்தில் இருக்கிறது, நகையாகவோ பட்டாகவோ இல்லை, அவ்வளவுதான். இடம் ஐம்ஸ்பியூட்டல், அன்று ஹாம்பர்க் மதிலுக்கு வெளியே இருந்த கிராமம். அங்கே தோட்டவீடு வைத்திருப்பதே வசதியான வணிகர்களின் வழக்கம். அடிவானத்தில் நகரத்தின் கோபுரங்கள் தெரிகின்றன. பெற்றோர் படத்தில் இல்லை.

ரூங்கே பார்வையைப் பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு இறக்கிவிட்டார். அதனால்தான் வேலி அவர்களுக்கு முன் சிறுத்து நிற்கிறது, அவர்கள் பூதாகாரமாகத் தெரிகிறார்கள். படத்தில் மூன்று பிள்ளைகள். நடுவில் ஆகஸ்ட் சாட்டையை ஓங்கியபடி நேரே நம்மைப் பார்க்கிறான். மரியா திரும்பிச் சின்னவனைக் கவனிக்கிறாள். வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஃபிரெடரிக் சூரியகாந்திச் செடியின் இலையைப் பிடித்த பிடியை விடவில்லை. வண்டி நகர்ந்தால் செடியும் கூட வரும்! ஏறத்தாழ 130 செ.மீ. உயரமும் 140 செ.மீ.க்குச் சற்று மேல் அகலமும் கொண்ட இந்தப் படம் இப்போது ஹாம்பர்க் குன்ஸ்ட்ஹாலே என்ற கலைக்கூடத்தில் இருக்கிறது. கைபேசியில் பார்த்தால் அந்தப் பருமன் பிடிபடாது.

வரைந்த காலம் 1805–06. 1806 நவம்பரில் பிரெஞ்சுப் படை ஹாம்பர்க்கில் நுழைந்தது. அதே மாதம் நெப்போலியன் பெர்லினிலிருந்து இங்கிலாந்துச் சரக்குக்குத் தடை போட்டார். கடல் வாணிபத்தை நம்பியிருந்த ஊர் முடங்கியது. இந்தக் கடையும் தப்பவில்லை. 1807இல் ஹாம்பர்க் திரும்பிய ஓவியர், அண்ணனோடு சேர்ந்து புதிய நிறுவனம் தொடங்கினார். நீங்கள் கேட்ட 'ஓவியர் கூட்டாளி' அப்போதுதான் வருகிறார், ஹூல்ஸன்பெக்குடன் அல்ல.

தேடலுக்கு வருவோம். ஹாம்பர்க் முகவரிப் புத்தகம் 1787 முதல் வெளிவந்தது. முதலில் அதில் ஆண்டுவாரியாகப் பாருங்கள். ஆள் பெயரில் மட்டுமின்றி நிறுவனப் பெயரிலும் தேட வேண்டும். எந்த ஆண்டில் கூட்டுப் பெயர் மறைகிறதோ அதுதான் முறிவின் முதல் தடயம். பிறகு ஞானஸ்நானப் பதிவேடுகள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தகப்பனார் பெயர் ஃபிரெடரிக் ஆகஸ்ட்; அதையே பிரித்து இரண்டு மகன்களுக்கும் வைத்திருக்கிறார். பிற்காலப் பதிவில் 'ஆகஸ்ட் ஹூல்ஸன்பெக்' என்று கண்டால் அப்பாவா மகனா என்பதை வயதையோ மனைவி பெயரையோ வைத்துத்தான் முடிவு கட்ட வேண்டும். 1811 முதல் 1814 வரை ஊர் பிரான்சோடு இணைந்திருந்ததால், அக்காலப் பதிவுகளில் பிரெடெரிக், ஒகுஸ்த் என்ற வடிவங்களிலும் தேடுங்கள்.

1842 மே மாதப் பெருந்தீயில் பழைய நகரமன்றமே போய்விட்டது. ஆவணக் காப்பகத்தில் பெரும்பகுதியும் அதோடு போயிற்று. ஆகவே ஒரு பத்திரம் கிடைக்கவில்லை என்றால் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். ரூங்கே குடும்பத்தைத் தேடுவதென்றால் வழியே வேறு. வோல்காஸ்ட் 1815 வரை ஸ்வீடனின் ஆட்சியில் இருந்த ஊர். கிரைஃப்ஸ்வால்ட், ஸ்டாக்ஹோம் காப்பகங்களைத்தான் பார்க்க வேண்டும். டானியல் 1840–41இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட தம்பியின் எழுத்துகளும் கடிதங்களும் கட்டாயம் உதவும். ஆனால் தம்பியின் பெயர் நிலைக்க வேண்டும் என்று அண்ணன் தொகுத்தவை அவை. கடைக் கணக்கைப் பற்றி அதில் வருவதை, முகவரிப் புத்தகத்தோடு ஒப்பிடாமல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.