வாசகர் கேள்வி – பதில்: பத்து நாள் ஊழியக் குழு வந்தால் சபைக்கு என்ன மிச்சம்?

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து 14 பேர் ஆகஸ்ட்டில் பத்து நாள் எங்கள் சபைக்கு வரப்போகிறார்கள். ஆலயச் சுவருக்குப் பெயின்ற் அடிப்பதும் திட்டத்தில் இருக்கிறது. அந்தச் செலவைக் காசாகவே அனுப்பச் சொன்னால் என்ன என்று மூப்பர்கள் கேட்கிறார்கள்.
– சபைச் செயலாளர், வாழைச்சேனை

பதில்: பெயின்ற் அடிக்கத்தான் வருகிறார்கள் என்றால் மூப்பர்கள் சொல்வதே சரி. உங்கள் ஊரிலேயே பெயின்ற் பாஸ்மார் இருக்கிறார்கள். ஒரு விமானச் சீட்டின் காசில் அவர்களுக்குப் பல நாள் கூலி கொடுக்கலாம். சுவரும் ஒழுங்காக முடியும்.

காசால் ஆகாத வேலைகளுக்கு ஆட்களைக் கேளுங்கள். கணக்கியல் தெரிந்தவர் மூன்று பின்னேரம் பொருளாளரோடு இருந்து, பற்றுச்சீட்டு, இரட்டைக் கையொப்பம், மாதாந்த வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு மூன்றையும் பழக்கிவிட்டுப் போகலாம். ஆங்கிலம் கற்பிப்பவர் சாதாரண தரப் பிள்ளைகளைப் பேச வைக்கலாம்; இலக்கணம் இங்கேயே படிக்கிறார்கள், பேசத்தான் கூச்சம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வாசிப்புக் கண்ணாடி இன்னொன்று. +1.00 முதல் +3.00 வரை அரை அரையாக ஐந்து அளவுகள் போதும். வேதாகமத்தை 40 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து வாசிக்கச் சொல்லி, தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த அளவைக் கொடுங்கள். தூரப்பார்வையும் மங்கலாக இருந்தால் கண்ணாடி கொடுத்து அனுப்பாமல் போதனா வைத்தியசாலைக் கண் பிரிவுக்கு அனுப்புங்கள், வெண்புரையாக இருக்கலாம்.

14 பேர் வேண்டாம், ஆறு பேர் போதும். ஒரு வானில் அடங்குவார்கள். 14 பேர் வந்தால் மூன்று வேளைச் சமையல் சபைப் பெண்கள் தலையில் விழும். போதகர் பத்து நாளும் சாரதியாகிவிடுவார். வழக்கமான வீடு சந்திப்பு நின்றுபோகும். உதவ வந்த குழுவால் ஊழியம் நிற்பது இப்படித்தான்.

மட்டக்களப்புக்கு 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ற், அடுத்த வருடமே இங்கு காலமானார். ஒரு வருடம்கூட நிறையவில்லை. அவர் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் தன் தொடக்கத்தை அந்த 1814இலிருந்து எண்ணுகிறது என்றால், பின்னால் வந்தவர்களும் ஊரவர்களும் விடாமல் நடத்தியதால்தான். உங்கள் குழு தொடங்கும் எதையும் செப்டெம்பரில் யார் கொண்டுநடத்துவார் என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் அதைத் தொடங்க விடாதீர்கள்.

கேள்வி: சுற்றுலா வீசாவில் வருகிறவர் பிரசங்கிக்கலாமா?
– வாசகர், கல்முனை

பதில்: கூடாது. ஆராதனையில் கலந்துகொள்ளலாம், பிரசங்கமும் துண்டுப்பிரசுரமும் அந்த வீசாவுக்குள் வராது. மத ஊழியத்துக்குத் தனி வீசா உண்டு. அழைக்கும் சபையே முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும். அரசியலமைப்பின் 14(1)(உ) உறுப்புரை மதத்தை வெளிப்படுத்தும் சுதந்திரத்தைப் பிரஜைகளுக்கே தருகிறது. மதத்தைப் பரப்புவது அதில் அடங்காது என்று உயர் நீதிமன்றம் 2003இல் கூறியது. பிடிபட்டால் வந்தவர் விமானம் ஏறிவிடுவார், விசாரணைக்கு அலைவது உங்கள் போதகர். வைத்தியர்கள் வந்தாலும் இலங்கை மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவில்லாமல் நோயாளரைப் பார்க்கக் கூடாது. பெட்டியில் மருந்து கொண்டுவருவதும் அனுமதி இல்லாமல் ஆகாது.

கேள்வி: விடுமுறை வேதாகமப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுக்க வெளிநாட்டிலிருந்து வரும் குழுவினர் விரும்புகிறார்கள். அயலில் இந்துக் குடும்பங்களே அதிகம்.
– ஞாயிறு பாடசாலை ஆசிரியை, திருக்கோவில்

பதில்: வகுப்புக்கு வந்தவர்களுக்கு மட்டும் பை என்றால் 'ஆசை காட்டி மதம் மாற்றுகிறார்கள்' என்ற பேச்சு அன்று பின்னேரமே ஊருக்குள் போய்விடும். அரசாங்கப் பாடசாலை அதிபரிடம் கொடுத்து, தேவையான எல்லாப் பிள்ளைகளுக்கும் சபையின் பெயர் அச்சிடாமல் போகட்டும். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பத்துப் பிள்ளைக்கு இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் உள்ளூர் ஆசிரியர். கதையை நீங்களே உங்கள் ஊர்த் தமிழில் சொல்லுங்கள். வந்தவர்கள் பாட்டு, கைவேலை, விளையாட்டைப் பார்க்கட்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை முகநூலில் போடக் கூடாது என்பதை வரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மாரி வெள்ளத்துக்குப் பின் கிணறு இறைக்க ஒரு குழு பம்ப் கொண்டுவருகிறது. என்ன கவனிக்க வேண்டும்?
– இளைஞர் ஐக்கியம், கல்லாறு

பதில்: பம்பைத்தான். கடற்கரை மணலில் நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. வேகமாக, அடிமட்டம் வரை இறைத்தால் கீழிருக்கும் உப்பு ஏறிவிடும். 2004 சுனாமிக்குப் பின் நல்லெண்ணத்தோடு வந்தவர்கள் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்ததில் இதுதான் நடந்தது. உப்பைக் கரைத்துக் கொண்டுபோனது மழைதான். எனவே குப்பையையும் சேற்றையும் அகற்ற வேண்டிய அளவு மட்டும் மெதுவாக இறையுங்கள்.

பிறகு குளோரின். கலங்கல் தெளிந்த பிறகே போட வேண்டும், சேறு குளோரினைத் தின்றுவிடும். விட்டம் 1.2 மீற்றர், நீர் 2 மீற்றர் என்றால் ஏறக்குறைய 2,260 லீற்றர். 70 சதவீதக் குளோரின் தூள் 65 கிராம் போதும். பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுத் தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்கி, ஓரிரவு விடுங்கள். காலையில் மணம் குறையும் வரை வாளியால் அள்ளி வெளியே ஊற்றுங்கள். கடைத் தூள் பழையதாக இருந்தால் பலம் குறைந்திருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதல் நாளே கூப்பிட்டால் நீரில் மிஞ்சியிருக்கும் குளோரினையும் அளந்து தருவார். மலசலகூடக் குழி கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் எத்தனை கிராம் போட்டாலும் சில நாளில் பழைய நிலைதான். அந்தக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.