கிட் கிட்டாரில் சாயம் ஏறாத வெள்ளைக் கோடு

வணக்கம். பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கிட் கிட்டாரில், நீலச் சாயம் இரண்டு முறை பூசியும் கிட்டார் உடலின் நடுவே ஒரு கோடு வெளுத்தே நிற்கிறது, மூன்றாவது முறை பூசலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், சாயத்தின் மேல் தப்பில்லை. கோடு சரியாக இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் இருக்கிறது என்றால், அங்கே பிதுங்கிய பசைதான் காரணம். அது மரத்துளைகளை அடைத்துவிட்டது. எத்தனை முறை பூசினாலும் உள்ளே இறங்காது.

அந்தப் பசையைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். தேய்க்கும் முன், பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கருவி) உட்காரும் பள்ளத்தின் விளிம்பைப் பாருங்கள். மேலே காகிதம் மாதிரி மெல்லிய தனி அடுக்கு தெரிந்தால் அது வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு. அப்படியென்றால் 220 எண் உப்புத்தாளைக் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) கட்டையில் சுற்றி, கையால் மட்டும் மெதுவாகத் தேயுங்கள். மெஷின் வைத்தால் ஒரு நொடியில் ஓட்டை விழும். முழு மரம் என்றால் 120-இல் தொடங்கி, முகப்பு முழுவதையும் மர இழையின் போக்கிலேயே தேய்த்து 220-இல் நிறுத்துங்கள். வழவழப்பாக இருக்கட்டும் என்று என் முதல் கிட்டாரில் 400 வரை போனேன். சாயம் பிடிக்காமல் சோகை பிடித்தது போல் ஆனது.

அப்புறம் டர்பன்டைன் நனைத்த துணியால் துடையுங்கள். மிச்சப் பசை வெளிறிய திட்டாகக் காட்டிக்கொடுக்கும். அது நன்றாக உலர்ந்த பிறகே சாயம்.

கடைசியில் சாயத்தின் மேல் லாக்கர் (பளபளப்புப் பூச்சு) அடிக்கும்போது, நெக் (கிட்டாரின் நீண்ட கழுத்து) பொருந்தும் பள்ளத்தை டேப் ஒட்டி மூடிவிடுங்கள். அங்கே லாக்கர் ஏறினால் நெக் உள்ளே போகாது.