அந்தரத்தில் நிற்கும் படிக்கு எந்தப் பொருள்?

கேள்வி: ஒரு முனை மட்டும் சுவரில் பதிந்து, மறுமுனை அந்தரத்தில் நிற்கும் படிக்கட்டு வைக்க ஆசை. மரம், கிரானைட், கண்ணாடி, எது நல்லது?

பதில்: முதலில் சுவரைப் பாருங்கள். படியின் நுனியில் கால் வைத்ததும் அது நெம்புகோலாகி, பதிந்த இடத்தைப் பெயர்க்கப் பார்க்கும். வெறும் செங்கல் சுவர் அதைத் தாங்காது. கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் வேண்டும்; இல்லாவிட்டால் சுவருக்குள் மறையும் இரும்பு உத்திரமும், அதில் பற்றவைத்த சதுரக் குழாய்களும் வேண்டும். அளவைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும், கொத்தனார் அல்ல.

எங்கள் தேர்வு மரம். எடை குறைவு, இரும்புக் குழாய்மேல் உறைபோல மாட்டிவிடலாம். ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்கட்டும். பச்சை மரம் காயும்போது முறுக்கிக்கொள்ளும். திருகுத் துளையைப் படியின் அகலவாக்கில் சற்று நீளமாக விடுங்கள், மரம் விரிந்து சுருங்க இடம் கிடைக்கும். இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே ரப்பர் பட்டை வைத்தால் கிறீச் சத்தம் வராது.

கிரானைட் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. சுவரை ஒட்டி, மேல்பரப்பில்தான் மயிரிழை விரிசல் தொடங்கும். அடியில் முழு நீளத்துக்கு இரும்புத் தகடு இல்லாமல் வேண்டாம்.

கண்ணாடி என்றால் டஃபன்டு (சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து வலுவேற்றிய) அடுக்குகளை, நடுவே படலம் வைத்து ஒட்டி லாமினேட் செய்தது மட்டுமே. மேலே வழுக்காத சொரசொரப்பும் தேவை.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் படிகளுக்கிடையே திறந்த இடைவெளி 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தலை சிக்கிக்கொள்ளும்.